லண்டன் சதக் பகுதியின் ஜார்ஜ் இன் சத்திரம்: பழைய படத்தில் நாலு பக்கமும் வெளி நடை, இப்போது ஒரே பக்கம் ஏன்?

பழைய படத்தில் முற்றத்தின் நாலு பக்கமும் வெளி நடை இருக்கிறது, நேரில் ஒரு பக்கம்தான், இடம் மாறிப் போய்விட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போனது சரியான இடம்தான். லண்டன் பரோ ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து உள்ளே ஒதுங்கி நிற்கும் அந்தக் கட்டடமேதான் ஜார்ஜ் இன், குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய பழைய சத்திரம். இப்போது மிஞ்சியிருப்பது தெற்குப் பக்கம் மட்டும்.

காரணம் ரயில். பக்கத்திலேயே லண்டன் பிரிட்ஜ் நிலையம் 1836-இல் திறந்தது; குதிரை வண்டிப் பயணம் படுத்துவிட்டது. பிறகு இந்த இடத்தைக் கிடங்காக வைத்திருந்த ரயில் கம்பெனி, 1889-இல் மற்ற பக்கங்களை இடித்தது. வண்டி நின்ற முற்றத்தில் இன்று மேசை போட்டு பீர் குடிக்கிறார்கள்.

ஆனால் உங்களிடம் உள்ள படம் ஜார்ஜ்தானா என்று ஒருமுறை பாருங்கள். அதே தெருவில் டபார்ட், ஒயிட் ஹார்ட் என்று இதே அமைப்பில் சத்திரங்கள் இருந்தன, இரண்டுமே இப்போது இல்லை. படத்தில் பெயர்ப்பலகை தெரிகிறதா? தெரியாவிட்டால் ஜார்ஜில் எடுத்த புகைப்படத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஜார்ஜில் பார்க்க வேண்டியது இது: மரக் கைப்பிடியோடு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வெளி நடைகள், அவற்றிலிருந்து நேராகத் திறக்கும் அறைக் கதவுகள். மழை, குளிர் எதுவானாலும் அறைக்கு அந்த வழிதான், பாவம்.

இன்னொன்று: ஷேக்ஸ்பியர் காலத்துக் கட்டடம் என்று எழுதிவிடாதீர்கள். அவர் இறந்தது 1616-இல். 1676 தீ விபத்துக்குப் பிறகு, 1677-இல் கட்டியது இது.