‘லைட்’ என்றால் எதைவிட லைட்?

சிப்ஸ் பாக்கெட்டில் ‘கொழுப்பு குறைக்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறது. எடையைக் குறைக்க முயல்கிறேன். சாப்பிடலாமா?

‘குறைந்த கொழுப்பு’ வேறு, ‘குறைக்கப்பட்ட கொழுப்பு’ வேறு. முதலாவதற்கு உச்சவரம்பு உண்டு. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிகளின்படி, திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராம் கொழுப்பைத் தாண்டக்கூடாது. இரண்டாவது வெறும் ஒப்பீடுதான். வழக்கமான சரக்கைவிட 25 சதவீதம் குறைந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான சிப்ஸில் 100 கிராமுக்கு 36 கிராம் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். கால்பங்கு போனாலும் 27 கிராம் மிச்சம். ‘குறைந்த கொழுப்பு’ வரம்பைப் போல ஒன்பது மடங்கு! ஒரு கைப்பிடியோடு நிறுத்த முடிந்தால் சாப்பிடுங்கள். ‘இதுதான் குறைச்சலாச்சே’ என்று முழு பாக்கெட்டையும் காலி செய்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

‘லைட்’ ஆலிவ் எண்ணெயில் கலோரி குறைவா?

இல்லை. அங்கே லைட் என்பது நிறமும் மணமும்தான். எந்தச் சமையல் எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி. மற்ற உணவுகளில் ‘லைட்’ என்று இருந்தால், எதில் லைட் என்பதைப் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தேடிப் பாருங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட் கொடுக்கலாமா?

சுகர் ஃப்ரீ என்றால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லை, அவ்வளவுதான். மாவு அப்படியே இருக்கிறது; அது குளுக்கோஸாகத்தான் மாறும். எனவே பாக்கெட்டைத் திருப்பி, மொத்த கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள். இனிப்புக்கு மால்டிடால் சேர்த்திருந்தால், நிறையச் சாப்பிடும்போது வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்பது இன்னொரு சங்கதி: பழச்சாற்றில் பழத்தின் சர்க்கரை இருக்கத்தானே செய்யும்?

ரத்த அழுத்தத்துக்காகச் சோடியம் குறைத்த உப்புக்கு மாறலாமா?

பலருக்கு நல்லதுதான். ஆனால் அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பில் தேங்கி, இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். உங்கள் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகு வாங்குங்கள்.