ஒரே விமானம், இரண்டு நிறங்கள்

கேள்வி: 1979 இல் தொழில் நிமித்தம் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, பாயா லேபார் விமான நிலையத்தில், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானமான கொன்கோர்டைக் கண்டேன். அதில் சிங்கப்பூர் எயார்லைன்ஸின் நிறங்கள் தீட்டப்பட்டிருந்தன. அதே ஆண்டில் அங்கு அதனைப் பார்த்த என் நண்பரோ, அது பிரித்தானிய விமானமே என்று இன்றுவரை வாதிடுகிறார். யார் சொல்வது சரி? வரும் ஆவணியில் மகளிடம் ஜேர்மனிக்குப் போகிறேன். அங்கு கொன்கோர்டினுள் சென்று பார்க்க வழியுண்டா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இருவர் சொல்வதும் சரியே. பிரிட்டிஷ் எயார்வேஸும் சிங்கப்பூர் எயார்லைன்ஸும் கூட்டாக லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு நடத்திய சேவைக்காக, ஜி-பிஓஏடி என்று பதிவு செய்யப்பட்டிருந்த ஒரேயொரு கொன்கோர்டின் இடப்பக்கத்தில் சிங்கப்பூர் நிறுவனத்தின் நிறங்களும் வலப்பக்கத்தில் பிரித்தானிய நிறுவனத்தின் நிறங்களும் தீட்டப்பட்டிருந்தன. நீங்கள் ஒரு பக்கத்தையும் நண்பர் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறீர்கள்.

1977 டிசம்பரில் தொடங்கிய அச்சேவை, விமானத்தின் இரைச்சலை மலேசியா ஆட்சேபித்ததால் மூன்றே பயணங்களுடன் நின்றது. 1979 இல் மீண்டும் தொடங்கி, 1980 இல் முற்றாக முடிந்தது. அதே விமானம்தான் 1996 பெப்ரவரி 7 ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடிகளில் பறந்து சாதனை படைத்தது. இப்போது நியூயோர்க்கின் இன்ட்ரெப்பிட் நூதனசாலையில் இருக்கிறது. சிங்கப்பூரின் நிறங்கள் அதில் இன்று இல்லை.

ஜேர்மனியில் நீங்கள் போக வேண்டிய இடம் சின்ஸ்ஹைம் நகரிலுள்ள தொழில்நுட்ப நூதனசாலை. எயார் பிரான்ஸின் கொன்கோர்ட் ஒன்றும், அதற்குப் போட்டியாகச் சோவியத் ஒன்றியம் உருவாக்கிய துப்பொலெவ் 144 ஒன்றும் அங்கு கட்டடத்தின் கூரைமேல் அருகருகே நிறுத்தப்பட்டுள்ளன. இரண்டினுள்ளும் ஏறிப் பார்க்கலாம். நான் சென்றபோது முதலில் மனத்தில் பட்டது, கொன்கோர்டின் உட்புறம் எவ்வளவு ஒடுக்கமானது என்பதே. நடைவழியின் இருபுறமும் இரண்டிரண்டு ஆசனங்கள், உள்ளங்கையளவு சன்னல்கள். அவ்வளவு உயரத்தில் ஒரு சன்னல் உடைந்தாலும் உள்ளிருக்கும் காற்று ஒரேயடியாக வெளியேறிவிடக் கூடாது என்பதற்காகவே அவற்றை அத்தனை சிறிதாக அமைத்தார்கள்.

நூதனசாலையில் அசையாமல் நிற்கும் விமானத்தைப் பார்க்கும் எவரும், ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்: நீங்கள் காண்பது அதன் குளிர்ந்த, சுருங்கிய உருவத்தை மட்டுமே. ஏறத்தாழ 18 கிலோமீற்றர் உயரத்தில் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கும்போது, வெளியே கடுங்குளிர் நிலவினாலும், காற்று அழுத்தப்படுவதால் மூக்கு நுனியின் வெப்பநிலை 120 பாகை செல்சியசைத் தாண்டும். 62 மீற்றர் நீளமான உடல் 15 சென்ரிமீற்றருக்கு மேல் நீளும். விமானப் பொறியியலாளரின் கருவிப் பலகைக்கும் அதன் அருகிலுள்ள சுவருக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விரிந்து, வேகம் குறைந்ததும் மூடிக்கொள்ளும். 1976 முதல் 2003 வரை அதில் பயணித்தவர்கள் சன்னலில் கைவைத்து உணர்ந்த அந்தச் சூட்டை எந்த நூதனசாலையாலும் நமக்குத் தர முடியாது.

துப்பொலெவையும் தவறவிடாதீர்கள். அது கொன்கோர்டுக்கு முன்பே, 1968 டிசம்பர் 31 இல் பறந்துவிட்டது. ஆயினும் பயணிகளுடன் 55 தடவைகள் மட்டுமே பறந்தது. விமானிகளின் அறைக்குப் பின்னால் மீசைபோல் விரியும் இரு சிறு இறக்கைகளைத் தேடிப் பாருங்கள். அவை கொன்கோர்டில் இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரு விமானங்களும் மேலெழும் கோலத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதால், சுருள் படிக்கட்டில் ஏறிய பின்னும் உள்ளே மேட்டில் நடப்பதுபோலவே நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவராயின், மகளையும் கூட அழைத்துக்கொண்டு, கால்கள் களைக்குமுன் காலையிலேயே கொன்கோர்டில் ஏறிவிடுங்கள்.