ஆள் வந்தால் போதுமா, காசு தங்க வேண்டாமா? - சுற்றுலாக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தைப் பற்றியது, மீதி டொலரைப் பற்றியது. கையில் எடுத்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

இலங்கையின் ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) சுற்றுலாவின் பங்கு எத்தனை வீதம்? (வாசகர், வவுனியா)

எந்த ஆண்டில்? அதை எழுத மறந்துவிட்டீர்கள். 2018 என்றால் ஏறத்தாழ 5 வீதம். 2021 என்றால் கேட்கவே வேண்டாம். அந்த வருடம் முழுக்க வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2018 டிசம்பரில் மட்டும் அதைவிட அதிகம் பேர் வந்தார்கள்.

2024-இல் 20 இலட்சம் பேர் வந்துவிட்டார்களே, பழைய நிலை திரும்பிவிட்டதுதானே? (வாசகி, நீர்கொழும்பு)

இல்லை. எத்தனை தடவை எழுதியிருப்பேன், தலையை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள் என்று! 2018-இல் 23 இலட்சம் பேர் வந்தார்கள், வருமானம் 4.4 பில்லியன் டொலர். 2024-இல் இருபதரை இலட்சம் பேர், 3.2 பில்லியன். ஆள் குறைந்தது எட்டில் ஒரு பங்கு. காசு குறைந்தது நாலில் ஒரு பங்குக்கும் மேல். ஒருவர் எத்தனை இரவு தங்கினார், நாளொன்றுக்கு என்ன செலவழித்தார், அதில் எவ்வளவு நாட்டுக்குள் நின்றது? கணக்கு இந்த மூன்றில்தான் இருக்கிறது. ஆனால் விமான நிலையத்தில் மாலை விழுவது என்னவோ தலைக்குத்தான்.

நீங்கள் நீர்கொழும்பில் இருக்கிறீர்கள். பக்கத்துக் கடற்கரை ஹோட்டலின் காலைச் சாப்பாட்டு மேசையை ஒருதரம் பாருங்கள். பாணுக்கான கோதுமை கப்பலில் வந்தது. சீஸ், பால்மா, சீனி பெரும்பாலும் அப்படியே. அறையை இணையத்தில் பிடித்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்தோ அதற்கு மேலோ கமிஷனாக வெளியே போயிருக்கும். ஏறி வந்தது வெளிநாட்டு விமானம் என்றால் டிக்கெட் காசில் பெரும்பகுதியும் நமக்கில்லை. மேசையில் நம்முடையது தேயிலையும் பப்பாளித் துண்டும்தான்.

அதே ஆள் மலைநாட்டு ஊரான எல்லவில் ஒரு வீட்டில் நாலு இரவு தங்கி, சிவப்பரிசிச் சோறும் மீன்குழம்பும் தேங்காய்ச் சம்பலும் பருப்பும் (மைசூர்ப் பருப்பு இறக்குமதிதான், அதை விடுங்கள்) சாப்பிட்டு, ஓர் ஆட்டோக்காரரையே நாள் முழுக்க வைத்துக்கொண்டு சுற்றினால், கொடுக்கிற காசில் பெரும்பகுதி அந்த மலையிலேயே புழங்கும். பில் சிறியதுதான். ஆனால் ஒழுக்கு, அதாவது நாட்டை விட்டு வெளியே ஒழுகிப் போகும் காசு, குறைவு.

பலாலி விமானங்களால் யாழ்ப்பாணத்துக்கு உண்மையில் லாபம் உண்டா? (வாசகர், சாவகச்சேரி)

உண்டு, ஆனால் ஹோட்டல் கணக்கில் தேடினால் கிடைக்காது. 2019 ஒக்டோபரில் திறந்தார்கள், கொரோனாவில் நின்றது, சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. வருவது எழுபது சொச்சம் இருக்கையுள்ள ஏடிஆர் என்ற சிறிய விமானம். இறங்குகிறவர்களில் பலர் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்குகிறார்கள். அவர்கள் செலவு வான், கோயில், கலியாண மண்டபம், தையல் கடை என்று சிதறிப் போகிறது. கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஏழெட்டு மணி நேரம் வீதியில் கிடக்க வேண்டியதில்லை, அந்த நேரமும் மிச்சம். இன்னும் பெரிய விமானம் வேண்டுமென்றால் முதலில் ஓடுபாதை நீள வேண்டும். இங்கேயும் அதேதான்: இரவை எண்ணுங்கள்.

தெற்கிலுள்ள மத்தள விமான நிலையம் ஏன் தோற்றது? (பெயர் எழுதவில்லை)

200 மில்லியன் டொலருக்கு மேல் போட்டு, பெரும்பாலும் சீனக் கடனில் கட்டி, 2013-இல் திறந்தார்கள். மூன்றரைக் கிலோமீட்டர் ஓடுபாதை இருந்தது, பயணி இல்லை. சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கியதும் நடந்தது.

நமது விமானக் கம்பனி ஸ்ரீலங்கன் நட்டத்தில் ஓடுகிறது, மூடினால் என்ன? (வாசகர், மட்டக்களப்பு)

நட்டம் நிற்கும், அதோடு இருக்கைகளும் போகும். அந்த இருக்கைகளை வேறு யார், என்ன விலைக்குத் தருவார்கள் என்று பார்த்துவிட்டுப் பூட்டுத் தேடுங்கள்.

2022-இல் கொழும்பிலிருந்து கிளம்பிய விமானங்கள் ஏன் திருவனந்தபுரத்தில் இறங்கின? (வாசகர், சென்னை)

எரிபொருள் நிரப்ப. டொலர் கொண்டுவருகிற விமானத்துக்கு ஜெட் எரிபொருள் வாங்கவே நம்மிடம் டொலர் இல்லாமல் போயிற்று. திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் நிரப்பிக்கொண்டு நெடுந்தூரம் பறந்தன. எரிபொருள் விற்ற காசும் இறங்கு கட்டணமும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன.