பூஞ்சைத் தொற்று கேள்வி பதில்: வசதி கம்மியான ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவங்க கேளுங்க

நான் மைக்காலஜி, அதாவது பூஞ்சை ஆராய்ச்சி லேப் ஆளு. பெரிய மெஷின் இல்லாத இடத்துல இருக்கறவங்களுக்குத்தான் இது. ரிப்போர்ட் போட்டோ அனுப்பாதீங்க, பாக்க மாட்டேன்.

லேப் டெக்னீஷியன்: எங்ககிட்ட கல்ச்சர் வசதியே கிடையாது. அப்ப ஃபங்கஸ்னு எப்படி சொல்றது?

மைக்ராஸ்கோப்பும் 10 சதவீத கேஓஹெச்சும் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்) இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. படர்தாமரைல நடுவுல சுரண்டாதீங்க, சிவந்து படர்ற ஓரத்துல சுரண்டணும், ஒரு சொட்டு விட்டு கவர் ஸ்லிப் வச்சு தோல் கரையற வரைக்கும் காத்திருங்க, நகம்னா இன்னும் நேரம் ஆகும், அப்புறம் மைக்ராஸ்கோப்போட கண்டென்ஸரை (அடியில வெளிச்சத்தைக் குவிக்கற லென்ஸ்) இறக்கி வெளிச்சத்தைக் குறைச்சுப் பாருங்க, வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தா இழை கண்ணுக்கே தெரியாது. கருவிழிப் புண்ணுக்கும் இதே ஸ்லைடுதான். இழை தெரிஞ்சா நேட்டாமைசின் சொட்டு மருந்து. ஸ்டீராய்டு சொட்டு கூடவே கூடாது.

அடுத்தது க்ராக் டெஸ்ட் ஸ்ட்ரிப், மூளைக்காய்ச்சலை உண்டாக்கற க்ரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கு. ஒரு சொட்டு ரத்தம் போதும், பத்து நிமிஷத்துல கோடு வந்துடும். எச்ஐவி இருக்கறவங்க சிடி4 (எதிர்ப்பு சக்தி செல் எண்ணிக்கை) 100க்குக் கீழ வந்தா கட்டாயம் பண்ணுங்க, கிட் இருந்தா 200 வரைக்கும் பண்ணலாம். தலைவலி வர்றதுக்குப் பல வாரம் முன்னாடியே ரத்தத்துல பாசிட்டிவ் காட்டும். காப்பாத்த அதுதான் நல்ல நேரம்.

பேர் போடாதவர்: படர்தாமரை, மூணு மாசமா க்ரீம் போடறேன், போய்ப் போய் வருது.

ட்யூப்ல க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன்னு ஏதாவது எழுதியிருக்கா பாருங்க. இருந்தா அது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர விடும். நிறுத்திட்டு தோல் டாக்டரைப் பாருங்க.

ஸ்டாஃப் நர்ஸ்: ஆம்ஃபோடெரிசின் (கடுமையான பூஞ்சைத் தொற்றுக்குப் போடற ஊசி) போட்டா எல்லாருக்கும் நடுக்கம் வருது, கிட்னியும் அடி வாங்குது. என்ன பண்ணலாம் டாக்டர்?

நல்ல கேள்வி சிஸ்டர். பழைய வகை ஆம்ஃபோன்னா, மருந்துக்கு முன்னாடி ஒரு லிட்டர் நார்மல் சலைன்ல பொட்டாசியம் சேர்த்து ஓட விடுங்க, கிட்னியைக் காப்பாத்தற மருந்தே அதுதான்னு வச்சுக்கோங்க. ஆனா ஆம்ஃபோவை சலைன்ல கலக்கவே கூடாது, திரிஞ்சுடும், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்லதான் கலக்கணும், அதனால நடுவுல லைனையும் டெக்ஸ்ட்ரோஸ் விட்டுத்தான் கழுவணும். நாலு மணி நேரம் மெதுவா போகட்டும். பொட்டாசியம், க்ரியாட்டினின் பாக்கறதை விட்டுடாதீங்க, மெக்னீசியம் பாக்க வசதி இல்லேன்னா மாத்திரையா கொடுத்துடுங்க.

கிராமப்புற டாக்டர்: க்ரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு எங்ககிட்ட ஃப்ளூக்கோனசோல்ங்கற பூஞ்சை மருந்து மட்டும்தான் சார் இருக்கு. போதாதா?

போதாது. தனியா அதை மட்டும் கொடுத்தா பாதிப் பேருக்கு மேல பத்து வாரத்துக்குள்ள போயிடறாங்க. ஃப்ளூசைட்டோசின்ங்கற இன்னொரு பூஞ்சை மாத்திரை கூட சேர்ந்தா கதையே வேற. ஆம்ஃபோ இல்லாத இடத்துல ரெண்டையும் 14 நாள் கொடுங்கன்னு டபிள்யூஹெச்ஓவே சொல்லுது. 1957ல கண்டுபிடிச்ச மருந்து ஃப்ளூசைட்டோசின், 2013ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்ந்தாச்சு, இன்னும் நிறைய நாட்டுல பதிவுகூட பண்ணல. கோபம் வருது எனக்கு.

பார்மசிஸ்ட்: லைப்போசோமல் ஆம்ஃபோ (கொழுப்பு உறைக்குள்ள வச்ச புது வகை) ஒரே டோஸ் ஒரே டோஸ்னு எல்லாரும் பேசறீங்க. கிலோவுக்கு 10 மில்லிகிராம்னா 60 கிலோ ஆளுக்கு 600, அதாவது 50 மில்லிகிராம் குப்பி 12. யார் சார் வாங்கித் தர்றது?

பழையதுலயும் தினம் 60 மில்லிகிராம்னா நாளுக்கு ரெண்டு குப்பி உடைக்கறீங்க, ஏழு நாள்ல 14. குப்பி விலையை மட்டும் பாத்தா நீங்க சொல்றது சரி. படுக்கை, டிரிப்ஸ், ரத்த டெஸ்ட், நர்ஸோட நேரம், இதெல்லாம் யார் கணக்கு?

பார்மசிஸ்ட்: அது என் பட்ஜெட்ல வராதே.

அதான் வியாதியே! ஒருத்தர் பட்ஜெட்ல மிச்சம் பிடிச்சதை வார்டு பட்ஜெட்ல கொட்டறோம்.

ஐசியூ டாக்டர்: குறுக்க வரேன். ஒரே டோஸ்ல செத்தவங்க கம்மின்னு ட்ரையல் நிரூபிச்சாச்சே, அப்புறம் என்ன விவாதம்?

அப்படி சொல்லாதீங்க. ஆம்பிஷன் ட்ரையல், 2022, ஆப்பிரிக்காவுல அஞ்சு நாடு. பத்து வாரத்துல செத்தவங்க ஒரே டோஸ் குரூப்ல 24.8 சதவீதம், பழைய ஏழு நாள் குரூப்ல 28.7. பழசை விட மோசம் இல்லைங்கறதுதான் நிரூபணம். பக்கவிளைவு கம்மி, அது நிஜம். ரெண்டு குரூப்புக்கும் ஃப்ளூசைட்டோசின் உண்டுங்கறதை மறந்துட்டு வெறும் லைப்போசோமலை வாங்கி வச்சுட்டு ட்ரையலைக் காட்டாதீங்க.

பார்மசிஸ்ட்: சரி, படுக்கைக் கணக்கையும் சேர்த்து எழுதி அனுப்பறேன். ஒத்துக்கலேன்னா உங்க பேரைச் சொல்லுவேன்.

தாராளமா.

இன்னொருவர்: படர்தாமரைக்கு நல்ல க்ரீம் சொல்லுங்க.

மேலே சொல்லியாச்சு. ஸ்டீராய்டு கூடாது.

ஹவுஸ் சர்ஜன்: க்ரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு முதுகுல ஊசி போட்டு தண்டுவட நீர் எடுத்தா கால் போயிடும்னு சொந்தக்காரங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

டெஸ்ட்னு சொல்லாதீங்க, வைத்தியம்னு சொல்லுங்க, ஏன்னா இந்த வியாதில அது வைத்தியம்தான். மூளையைச் சுத்தியிருக்கற நீரோட அழுத்தம் ஏறித்தான் கண் போகுது, நினைவு போகுது. 25 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா நீரை எடுத்து இறக்கணும், திரும்ப ஏறினா தினமும் எடுக்கணும். அழுத்தம் அளக்கற மானோமீட்டர் இல்லேன்னா ஸ்டெரைல் டிரிப்ஸ் ட்யூபும் ஸ்கேலும் போதும். முதல் தடவை எடுத்ததும் தலைவலி குறையறதைப் பாத்துட்டாங்கன்னா அப்புறம் அவங்களே கேப்பாங்க. எச்ஐவி மருந்து புதுசா ஆரம்பிக்கணும்னா நாலுலேர்ந்து ஆறு வாரம் தள்ளி வைங்க. அழுத்தத்துக்குன்னு டெக்ஸாமெத்தசோன் போடாதீங்க, 2016லயே கெடுதல்னு தெரிஞ்சாச்சு. திரும்பவும் ஸ்டீராய்டு!

டிபி பணியாளர்: டிபி கோர்ஸ் முடிச்சவருக்கு மறுபடி சளில ரத்தம், சளி டெஸ்ட் நெகட்டிவ். திரும்ப டிபி மருந்தா?

அவசரப்படாதீங்க. டிபி நுரையீரல்ல விட்டுப் போன ஓட்டைல ஆஸ்பர்ஜில்லஸ்ங்கற பூஞ்சை குடியேறும். எக்ஸ்ரே பாருங்க, ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி ரத்த டெஸ்ட் கிடைச்சா அனுப்புங்க. பூஞ்சைன்னு உறுதியானா இட்ராகோனசோல் ஆறு மாசமாவது. டிபி மருந்து ரிஃபாம்பிசின் கூட ஓடினா இட்ராகோனசோல் ரத்தத்துல நிக்காது, ரெண்டையும் சேர்த்து எழுதாதீங்க.

ஒருவர்: பொடுகுக்கு எந்த ஷாம்பூ?

என் ஏரியா இல்ல.

மற்றொருவர்: தொடை இடுக்குல வட்டமா அரிப்பு...

ஐயா, மேலே ரெண்டு தடவை.

ஸ்டாஃப் நர்ஸ்: டாக்டர், எங்க ஸ்டோர்ல பழைய ஆம்ஃபோவும் லைப்போசோமலும் ஒரே ரேக்லதான் இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லையாவா?! பேர் ஒண்ணு, டோஸ் வேற. பழசு கிலோவுக்கு 1 மில்லிகிராம், 1.5 தாண்டவே கூடாது. லைப்போசோமல் கணக்குல 10 போட்டீங்கன்னா இதயம் நின்னுடும். இப்பவே போய் வேற வேற ரேக்ல வைங்க, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்க, கலக்கும்போது ரெண்டு பேர் குப்பி லேபிளைச் சத்தமா படிக்கணும். முடிச்சுட்டு வாங்க, மீதிக் கேள்வி அப்புறம்.