சைலன்சர் சத்தமும் பிடுங்கிய சாவியும்

கேள்வி: சேலம் கோரிமேட்டில், ஏற்காடு ரோட்டை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறேன். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். ஓய்வுக்கு 14 மாதம் இருக்கிறது. எதிர் வீட்டுப் பையன் தன் 350 சிசி பைக்கில் சைலன்சரை மாற்றிவிட்டு, விடியற்காலையும் இரவும் தெருவையே அதிர வைக்கிறான். இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்த என் மாமியார் தூக்கமில்லாமல் தவிக்கிறார். மூன்று முறை நல்லபடியாகச் சொன்னேன். அதற்கப்புறம் வேண்டுமென்றே என் வாசலில் நின்று முறுக்கினான். போன ஞாயிறு வண்டியை மறித்துச் சாவியை எடுத்துக்கொண்டேன். மாலையில் அவன் அப்பா வந்து கேட்டதும் கொடுத்துவிட்டேன். இப்போது என் மீதே புகார், போலீசில் சி.எஸ்.ஆர். (எஃப்.ஐ.ஆருக்கு முந்தைய புகார்ப் பதிவு) போட்டு விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். சத்தம் 104 டெசிபல் என்று என் போன் காட்டியது. வீடியோவும் உண்டு, தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். நானும் எதிர்ப்புகார் கொடுத்து, உயர் நீதிமன்றம் வரை போகத் தயார். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் சத்தம், பையனின் திமிர், வளர்ப்பு. சாவியைப் பற்றி இரண்டே வரி. உங்கள் வழக்கு அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. அவன் மரியாதை தெரியாதவனா, நீங்கள் எத்தனை முறை பொறுமையாகச் சொன்னீர்கள் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விசாரிக்கிற அதிகாரிக்கு அது தேவையில்லை.

சைலன்சர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான். அதுவும் டெசிபலால் அல்ல. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 80 டெசிபல் என்று வரம்பு உண்டு. ஆனால் அதை அளக்க முறையான கருவி, தூரம், வேகம் எல்லாம் விதித்திருக்கிறார்கள். வாசலில் நின்று போன் செயலியில் பார்த்த 104 எங்கேயும் நிற்காது, அதை மறந்துவிடுங்கள். கம்பெனி பொருத்தித் தந்த சைலன்சரைக் கழற்றி அனுமதியில்லாத வேறொன்றை மாட்டியதே குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவு பிடிப்பது வண்டியின் உரிமையாளரை. ஆர்.சி. அப்பா பெயரில் இருந்தால் மாட்டிக்கொள்வது அப்பா. ஒலி, புகை விதிமீறலுக்கு 190(2) பிரிவு தனியாக உண்டு: மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம், கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு. வண்டி எண் தெரியும்படி ஒரு போட்டோவோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் மனு கொடுத்திருந்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமை வரை அந்தக் கதவு முழுசாகத் திறந்திருந்தது.

உங்கள் வீடியோவைப் பலமுறை பார்த்தேன். முதல் இருபது விநாடி நன்றாக இருக்கிறது; கட்டையான பைப், அதன் வாயில் கரி, நம்பர் பிளேட் எல்லாம் தெரிகிறது. அப்புறம் உங்கள் இடது கை ஹேண்டில்பாரைப் பிடிக்கிறது, வலது கை சாவிக்குப் போகிறது. எஞ்சின் நின்றதும் வண்டி அவன் பக்கம் சாய்கிறது, அவன் முழங்கால் உங்கள் வீட்டுச் சாக்கடை மூடியில் இடிக்கிறது. கடைசியில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கிறது. பள்ளியில் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. இதை நீங்களே குழுவில் போட்டிருக்கிறீர்கள்.

மறித்தது, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது) பிரிவு 126(2). முழங்கால் காயம், 115(2), ஓராண்டு வரை சிறை. அந்த வார்த்தை, 296. மிரட்டியதாக ஒரு வரி சேர்த்தால் 351. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனே என்பீர்கள். கொஞ்ச நேரம் எடுத்து வைத்திருந்தாலும், நேர்மையற்ற நோக்கம் இருந்தால் அது திருட்டு என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே சொல்லிவிட்டது. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை, வாதாடி ஜெயிக்கலாம். ஆனால் வாதாட வேண்டிய நிலையில் இருப்பது நீங்கள்.

பையன் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டியிருக்கிறானா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காட்டியிருந்தால் ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) இருக்கும். “தெரிந்த நபர் ஒருவர் தள்ளிவிட்டதால்” என்று அதில் ஒரு வரி இருந்தாலே காயத்துக்கான பிரிவு உட்கார்ந்துவிடும்.

இனி எதிர்ப்புகார். தெருச் சண்டைகளில் நான் பார்த்த பெரிய படுகுழி இதுதான். நாமும் ஒரு புகார் கொடுத்துவைத்தால் அவர்கள் இறங்கி வருவார்கள் என்று நினைத்துத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு புகாரும் எஃப்.ஐ.ஆர். ஆகும், இரண்டிலும் குற்றப்பத்திரிகை போகும், இரண்டு தரப்பும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். இப்படி ஒரு பால்காரத் தகராறில் வந்த என் கட்சிக்காரர் அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு நான்கு வருடம் வாய்தாவுக்கு வந்தார். கடைசியில் விடுதலைதான். அதற்குள் மகளின் கல்யாணப் பேச்சு இரண்டு முறை நின்றுபோனது. நின்றதற்குக் காரணம் வழக்கு என்று மாப்பிள்ளை வீட்டார் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நிலையில் ஓய்வு வயது வந்தால் தற்காலிக ஓய்வூதியம்தான் கிடைக்கும்; பணிக்கொடை வழக்கு முடியும் வரை நிற்கும். துறை நடவடிக்கை தனி. எதிர் வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் அபராதமும் ஒரு சைலன்சரும் நஷ்டம். உங்களுக்கு முப்பது வருடச் சம்பாத்தியம். இந்தக் கணக்கை அவர்கள் தரப்பு வழக்கறிஞர் போடாமல் இருக்க மாட்டார்.

அதனால் சமாதானமாகப் போங்கள். அதுவும் எஃப்.ஐ.ஆர். ஆவதற்கு முன்னால். பின்னால் என்றால் ஒரு சிக்கல்: காயம், மறிப்பு, மிரட்டல் பிரிவுகளை இரு தரப்பும் சேர்ந்து கீழ் நீதிமன்றத்திலேயே முடித்துக்கொள்ளலாம். கெட்ட வார்த்தைக்கான 296-ஐ அப்படி முடிக்க முடியாது. கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனாலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். உயர் நீதிமன்றம் வரை போகத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படியே விட்டால் இந்த வேலைக்குத்தான் போவீர்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்தப் பையன் பைப்பை மாற்றியது உங்களை அவமதிக்க அல்ல. ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் கியரைக் குறைத்துத் திரும்பவும் முறுக்கும்போது பாறையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வரும். அந்த வயதில் அது நெஞ்சுக்குள் இறங்கும். எனக்கும் இறங்கியிருக்கிறது. உங்கள் வாசலில் முறுக்கியது வேறு, அது வம்பு. ஆனால் பேசப் போகும்போது முதல் விஷயத்தைப் புரிந்துகொண்டவராகப் போனால் அப்பாவும் பிள்ளையும் காது கொடுப்பார்கள்.

அப்பாவிடம் பேசுங்கள், பையனிடம் வேண்டாம். இரு வீட்டுக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஸ்டாக் சைலன்சரை, அதாவது கம்பெனி பொருத்தித் தந்ததை, திரும்ப மாட்ட வேண்டும். பெரும்பாலும் அதை யாரும் தூக்கிப் போடுவதில்லை; வண்டியை விற்கும்போது வேண்டும் என்று சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருப்பார்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பதை அப்பாவுக்கு நினைவுபடுத்தவே வேண்டாம். நீங்கள் அதைச் சொன்னால் மிரட்டலாகிவிடும்; அவருடைய வழக்கறிஞரே சொல்லிக்கொள்வார். உங்கள் பக்கம் மருத்துவச் செலவைக் கொடுத்து, சொன்ன வார்த்தைக்கு நேரில் வருத்தம் தெரிவியுங்கள்.

நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். “இனி இப்படிச் செய்ய மாட்டேன்” என்று எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் குற்ற வழக்கில் நிற்காது என்று யாராவது தைரியம் சொல்வார்கள். துறை விசாரணையில் சாட்சியச் சட்டம் அவ்வளவு கறாராகப் பொருந்தாது, அந்தக் காகிதம் அங்கே பேசும். “இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டோம், மேல் நடவடிக்கை தேவையில்லை” என்பதோடு நிறுத்தி, இருவரும் கையெழுத்திட்டு, மனு முடிக்கப்பட்டதற்கான நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடியோவை இன்றைக்கே குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். “ரவுடி” என்று தலைப்புப் போட்டதால் அவதூறு என்று இன்னொரு பிரிவு தயாராக இருக்கிறது. ஆனால் போனில் இருக்கும் மூலப் பதிவை அழிக்காதீர்கள். விசாரணைத் தேதிக்குத் தனியாகவும் போகாதீர்கள்.