மெயின் போர்க்கப்பலை அமெரிக்காவே வெடிக்க வைத்துவிட்டு ஸ்பெயின் மேல் பழி போட்டதா?

இல்லை. இதே கேள்வி மாதம் ஒருமுறை இங்கே வருகிறது, கீழே "சதிதான், சந்தேகமே வேண்டாம்" என்ற பதில்களுக்குத்தான் ஆதரவு வாக்கு குவிகிறது. நீங்களும் அப்படியொரு காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யார் செய்தது என்று தொடங்காமல், கப்பலின் அடித்தகடுகள் எப்படி மடங்கிக் கிடந்தன என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1898 பிப்ரவரி 15, இரவு 9.40. அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் மிதவையில் கட்டப்பட்டு நின்ற, அமெரிக்கக் கடற்படையின் மெயினின் முன்பகுதி வெடித்துச் சிதறியது. முன்பக்க அறைகளில் இருந்த வெடிமருந்து மட்டும் ஐந்து டன்னுக்கு மேல். மாலுமிகள் படுத்திருந்தது முன்பக்கம். கேப்டன் சிக்ஸ்பியும் பெரும்பாலான அதிகாரிகளும் இருந்தது பின்பக்கம். அதனால்தான் இறந்த சுமார் 260 பேரில் அதிகாரிகள் மிகக் குறைவு. "அதிகாரிகள் மட்டும் எப்படித் தப்பினார்கள்?" என்று சதிக்காரர்கள் கேட்பதற்கு விடை கப்பலின் அறை அமைப்பில்தான் இருக்கிறது. அன்றைய போர்க்கப்பல்களில் அதிகாரிகள் குடியிருப்பு பின்பக்கம்தான்.

சாம்ப்சன் தலைமையிலான அமெரிக்கக் கடற்படையின் முதல் விசாரணைக் குழு நான்கு வாரத்தில் கண்ணிவெடி என்று முடிவு சொன்னது. அவர்களுடைய முக்கியச் சான்று 18-வது சட்டம் (கப்பலின் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களில் ஒன்று) இருந்த இடம். கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் கீல் அங்கே உடைந்து, கூரை முகடு போல மேல்நோக்கி மடங்கி, இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் கிடந்தது. கீழிருந்து ஏதோ தள்ளினால்தானே இப்படி மடங்கும் என்பது அவர்கள் வாதம். கலங்கிய நீரில் முக்குளிப்பவர்கள் தடவிப் பார்த்துச் சொன்னதை நம்பி எழுதிய முடிவு அது. கடற்படையின் தலைமைப் பொறியாளர் மெல்வில் உள்வெடிப்பு என்று சந்தேகப்பட்டார். அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வெடிபொருள் நிபுணர் ஃபிலிப் ஆல்ஜர், இப்படி அழிக்கும் கண்ணிவெடி எதுவும் தனக்குத் தெரிந்து இல்லை என்று பத்திரிகையிலேயே சொன்னார். அதையும் ஒதுக்கினார்கள்.

ஸ்பெயின் தனியாக நடத்திய விசாரணையைத் தமிழில் யாரும் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அவர்கள் எழுப்பியவை எளிய, நல்ல கேள்விகள். வெளியே நீருக்கடியில் வெடித்திருந்தால் தண்ணீர் தூணாக எழும்பியிருக்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை. மீன்கள் செத்து மிதந்திருக்க வேண்டும், மிதக்கவில்லை. நீர் அமைதியாக இருந்ததால் கப்பல் ஆடிப்போய்க் கண்ணியில் மோதியிருக்க வாய்ப்பில்லை. கரையிலிருந்து மின்சாரத்தால் வெடிக்க வைத்திருந்தால் கம்பி இருக்க வேண்டும், அதுவும் கிடைக்கவில்லை. சேர்ந்து விசாரிப்போம் என்று ஸ்பெயின் கேட்டதை அமெரிக்கா மறுத்தது.

1911-ல் கப்பலைச் சுற்றி இரும்புத் தகடுகளால் உருளை உருளையாகத் தடுப்பு எழுப்பி, தண்ணீரை இறைத்துவிட்டு, உலர்ந்த நிலையில் பார்த்தார்கள். அப்போது அமர்ந்த அமெரிக்காவின் இரண்டாவது விசாரணைக் குழுவான வ்ரீலேண்ட் குழு, 18-வது சட்டத்தில் கீல் மடங்கியது உள்ளே மருந்து வெடித்ததன் விளைவு என்று ஒப்புக்கொண்டது. அதாவது 1898-ன் முக்கியச் சான்று அங்கேயே விழுந்தது. ஆனாலும் 28-வது சட்டத்துக்கும் 31-வது சட்டத்துக்கும் இடையில் அடித்தகட்டின் ஒரு பகுதி உள்நோக்கி மடங்கியிருந்ததைக் காட்டி, சிறிய வெளிவெடிப்புதான் தொடக்கம் என்று எழுதினார்கள்.

பிறகு அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர், ஹான்சன், பிரைஸ் என்ற இரு பொறியாளர்களிடம் 1911-ன் அதே படங்களையும் வரைபடங்களையும் கொடுத்தார். 1976-ல் வந்த முடிவு: வெளியே ஒட்டி வெடித்தால் தகடு கிழிந்து குழியும், இங்கே அந்த அடையாளம் இல்லை. உள்வெடிப்புக்குப் பிறகு பாய்ந்து புகுந்த நீரே அந்தத் தகட்டை உள்ளே மடக்கியிருக்கிறது.

அப்படியானால் மருந்து எப்படிப் பற்றியது? அதற்கு ஏ-16 என்ற நிலக்கரிப் பங்கரை, அதாவது கப்பலில் எரிபொருள் கரி சேமிக்கும் அறையைப் பார்க்க வேண்டும். ஆறு அங்குலப் பீரங்கிக்கான இருப்பு மருந்தறைக்கு ஒட்டிய அறை அது. நடுவில் கால் அங்குல இரும்புத் தகடு மட்டும், அதாவது 6 மி.மீ. உள்ளே பிட்டுமினஸ் என்ற வகை நிலக்கரி, ஏற்றி ஏறக்குறைய மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்தக் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத் தானாகச் சூடாகும். தூள் அதிகமாக இருந்தால், ஈரமும் கந்தகம் கலந்த பைரைட் என்ற கனிமமும் இருந்தால், இன்னும் வேகமாக. காற்று சூட்டை வெளியே கொண்டுபோகப் போதாமல், ஆனால் எரிதலைத் தொடரப் போதுமான அளவு கிடைத்தால் அதுதான் மிக மோசமான நிலை. குவியலின் நடுவில் புகை வெளியே தெரியாமலே கங்கு உருவாகும். சின்சினாட்டி, நியூயார்க் ஆகிய அமெரிக்கக் கப்பல்களில் மெயினுக்கு முன்பே பங்கர் தீ ஏற்பட்டிருந்தது.

அன்று காலைச் சோதனையில் சூடு தெரியவில்லையே என்று பின்னூட்டத்தில் சிலர் எழுதுவார்கள். நியாயமான கேள்வி, நிலக்கரி விளக்கத்தின் பலவீனமான இடமும் இதுதான். ஆனால் வெப்ப உணர்வி வைத்த இடத்து வெப்பத்தைத்தான் சொல்லும். தகட்டை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் கங்கு அதற்கு எட்டாது. 1998-ல் செய்த கணினி ஆய்வு நிலக்கரித் தீ, கண்ணிவெடி ஆகிய இரண்டு வழிகளும் சாத்தியம் என்றது. அந்தக் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. அதனால் "நிரூபிக்கப்பட்டது" என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். உள்வெடிப்புக்கு ஆதரவாகச் சான்று கனமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்கா திட்டமிட்டுச் செய்தது என்பதற்கு ஒரு தகடுகூடச் சான்றாக இல்லை. அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் பத்திரிகை குற்றவாளியைக் காட்டினால் 50,000 டாலர் என்று அறிவித்தது. யாருக்கும் கொடுக்க வேண்டி வரவில்லை. விபத்தைப் போருக்குப் பயன்படுத்திக்கொள்வதும் விபத்தை உருவாக்குவதும் ஒன்றல்ல. ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் தொடங்கிவிட்டது. டிசம்பர் 10-ல் பாரிஸ் ஒப்பந்தப்படி பிலிப்பைன்ஸ் 2 கோடி டாலருக்கு ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறியது. ஸ்பெயினை எதிர்த்து 1895 முதலே போரிட்டு வந்த கியூபர்களை அந்த ஒப்பந்த மேசைக்கே கூப்பிடவில்லை. அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் சதி சதி என்று பேசுவதுதான் எனக்கு வருத்தம்.

கடைசியாக, கரி ஏற்றும் கப்பல்களில் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கும் இது தேவைப்படும். இன்றைய சரக்கு விதிகளின்படி 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான கரியை ஏற்றக்கூடாது. சரக்கறைக் காற்றில் கார்பன் மோனாக்சைடை நாள்தோறும் அளக்க வேண்டும். அது தொடர்ந்து மூன்று நாள் ஏறிக்கொண்டே போனாலோ, 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) எட்டினாலோ உள்ளே சூடாகிறது என்று கொள்ள வேண்டும். அப்போது காற்றோட்டத்தை அடைத்துவிட்டு நிபுணர் ஆலோசனை கேட்க வேண்டும். கடலில் இருக்கும்போது கரி மேல் தண்ணீர் அடிக்கக்கூடாது. சுற்றுச்சுவர்களை வெளியிலிருந்து குளிரவைக்கத் தண்ணீர் பயன்படுத்தலாம்.