ரிவெட் அடித்த மட்கார்டை நாமே மாற்ற முடியுமா?

கேள்வி: ஆஃப்ரோடு வண்டியின் பின்பக்க பிளாஸ்டிக் மட்கார்டு பாறையில் மோதி உடைந்துவிட்டது. போல்ட் இல்லை, ரிவெட்தான் (ஓட்டையில் செருகி இறுக்கிவிடும், திருகிக் கழற்ற முடியாத உலோக ஆணி). நானே மாற்றலாமா? திரும்பவும் ரிவெட்டா, போல்ட்டா?

தாராளமாக மாற்றலாம். புதியதை மாட்டுவது சுலபம், பழையதைக் கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். பாடியில் இருக்கும் ஓட்டை பெரிதாகிவிட்டால் அதே அளவு ரிவெட் அதில் பிடிக்காது.

ரிவெட் தலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். நடுவில் சின்னக் குழி, அதற்குள் ஒரு எஃகுத் துண்டு இருக்கும். சுற்றியிருப்பது பெரும்பாலும் மெத்தென்ற அலுமினியம். நேராக டிரில் வைத்தால் பிட் எஃகில் வழுக்கி பெயின்ட்டைக் கீறும். அதனால் முதலில் மெல்லிய பஞ்ச் (சுத்தியலால் தட்டும் எஃகுக் கம்பி) வைத்து அந்தத் துண்டை உள்ளே தட்டிவிடுங்கள். அப்புறம் ரிவெட் தண்டின் தடிமனுக்கே பிட் போட்டு (4.8 மி.மீ. ரிவெட்தான் நிறைய வண்டிகளில் வரும்) மெதுவாக ஓட்டுங்கள். தலை அறுந்து வளையம் மாதிரி பிட்டில் ஏறிக்கொள்ளும். அங்கேயே நிறுத்திவிடுங்கள், முழுக்கத் துளைக்கத் தேவையில்லை. மிச்சத்தைப் பஞ்சால் தட்டினால் விழுந்துவிடும்.

சில ரிவெட் பிட்டோடு சேர்ந்து சுற்றும். அழுத்த அழுத்தச் சூடாகி ஓட்டைதான் கெடும். பழைய மட்கார்டு எப்படியும் குப்பைக்குத்தானே? ரிவெட்டைச் சுற்றி பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்துவிட்டு, தலையை பிளையரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு துளையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். தகட்டுக்குப் பின்னால் ஒயரோ பிரேக் குழாயோ போகிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ஓட்டை விளிம்பில் பெயின்ட் போயிருக்கும். துருவைத் தேய்த்து பிரைமர் அடித்து, காய்ந்த பிறகே மாட்டுங்கள். சேறு தங்குகிற இடம், விட்டால் அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்கும்.

மாட்டும்போது ஓரத்து ஓட்டைகளில் தற்காலிகமாக போல்ட் செருகிப் பொருத்திப் பாருங்கள். ஸ்டியரிங் திருப்பும் சக்கரமானால் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பின்சக்கரமானால் அதை மட்டும் மேட்டில் ஏற்றி, டயர் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். சமதளத்தில் நிற்கும்போது தெரியும் இடைவெளியை நம்பவே கூடாது. சரியாக இருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ரிவெட் அடித்துக்கொண்டு போங்கள். அகலத் தலை ரிவெட் வாங்குங்கள், நீளத்தை மட்கார்டும் பாடித் தகடும் சேர்ந்த மொத்தத் தடிமனுக்குப் பொருத்திப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் ஓட்டை ஒரு பொடி பெரிதாக இருக்கட்டும். வெயிலில் விரிய இடமில்லாவிட்டால் ரிவெட்டைச் சுற்றியே விரிசல் விடும்.

ரிவெட்டா போல்ட்டா என்றால், பாறையில் இடிபடும் வண்டிக்கு நான் அலுமினிய ரிவெட்தான் சொல்வேன். பலமாக இடித்தால் ரிவெட் அறுந்து மட்கார்டு மட்டும் கழன்று வரும். எஃகு போல்ட் விட்டுக்கொடுக்காது, பாடித் தகட்டையே கிழித்துவிடும். சேறு கழுவ அடிக்கடி கழற்றுபவர் என்றால் மட்டும் ரிவெட் நட் (ஓட்டையில் நிலையாகப் பிடித்துக்கொள்ளும், உள்ளே மரையுள்ள நட்) பொருத்தி போல்ட் போடுங்கள். பாடி அலுமினியமாக இருந்தால் வெறும் எஃகு ரிவெட் பக்கமே போகாதீர்கள். ஈரம் பட்டதும் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.